உப்புத் தண்ணியும் ஒரு ஆக்ஸலாட்டிலும்

வண்ண மீன் கடையில வித்ததோட வியாபாரம் முடியாது. வாங்கிட்டுப் போனது சீக்கா படுத்துச்சுன்னா நம்மளைத்தான் டாக்டர்னு தேடி வருவாங்க. திருவொற்றியூர்ல கடை போட்டு இந்தப் பாட்டைத்தான் படுறேன். என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்க படிச்சு ஆறுதல் பட்டுக்குங்க.

வெளியில இருக்கிற செவுள்

காசிமேட்டுல லாஞ்சு ஓட்டுற தேசிங்கு, மீன்பிடித் தடைக்காலத்துல பொழுது போகாம கடைக்குள்ள வந்தாரு. தொட்டியில இருந்த ஆக்ஸலாட்டிலை, அதான் தண்ணியிலயே வாழுற மெக்ஸிகோ நாட்டுப் பல்லி மாதிரி பிராணியை, பார்த்து அப்படியே நின்னுட்டாரு. நாலு காலு, சிரிக்கிற வாயி, தலைக்கு ரெண்டு பக்கமும் கொத்துக்கொத்தா சிவப்புச் செவுள். ஜில்லுனு இருக்கிற தண்ணியிலதான் பொழைக்கும், வெயில் ஆகவே ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மண்டையை மண்டையை ஆட்டிட்டு வாங்கிட்டுப் போனாரு. பேரு வாயில நுழையாம அதை 'ஆக்ஸிலேட்டர்'னுதான் கூப்பிடுவாரு.

மறுநாள் அவர் சம்சாரம் கஸ்தூரி கடைக்கே வந்துச்சு. மீன் விக்கிற பொம்பளை. எந்த மீனா இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் புதுசா பழசான்னு சொல்லும். "இன்னாக்கா இது, செவுளை வெளியவே வெச்சுகினு கீது? இத்த எவனும் ஏமாத்தி விக்க முடியாதே."

பஞ்சு

கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் தேசிங்கு போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாரு. ஆக்ஸிலேட்டர் சாப்பிடலையாம். போட்டோவைப் பார்த்தேன். செவுள் வெளுத்து முன்பக்கமா மடங்கியிருக்கு, மேல வெள்ளையா பஞ்சு ஒட்டின மாதிரி பூஞ்சை. தண்ணி சூடாகித்தான் இது வந்திருக்கு. இந்த நிலைமைக்கு வந்ததுங்க பொழைக்கிறது கஷ்டம்.

அதை வெளிய காட்டிக்காம, தனி டப்புல உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் வெச்சு எடுங்க, உடனே ஜில்லுனு நல்ல தண்ணிக்கு மாத்துங்கன்னு சொன்னேன். அவர் மூஞ்சியில அப்பதான் தெம்பு வந்துச்சு. "உப்புத் தண்ணிதானே யக்கா? நமக்கு அதுக்கா பஞ்சம்?"

மொண்டு வந்த தண்ணி

காலையில கஸ்தூரி போன் பண்ணிச்சு. குரலே சரியில்லை. ஷட்டரை இறக்கிட்டு ஷேர் ஆட்டோ பிடிச்சு ஓடினேன். தண்ணியில விட்ட உடனே அது துடிச்சிருக்கு. கஸ்தூரிதான் அள்ளியெடுத்து நல்ல தண்ணியில போட்டிருக்கு. வாலைச் சுருட்டிக்கிட்டு அடியில கிடந்துச்சு.

எவ்வளவு உப்பு போட்டீங்கன்னு கேட்டா, உப்பே போடலையாம். கடல் தண்ணியாம்! நான் சொன்னது கல்லுப்பை அளவா கரைச்ச தண்ணி. கடலே கதின்னு இருக்கிற மனுசனுக்கு உப்புத் தண்ணின்னா வேற எது? இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா, அறிவிருக்கான்னு கத்திட்டேன். அவருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "ஆர்பர் தண்ணி கலீஜா கீதுன்னு, தோஸ்து ஃபைபர் போட்டுல தூரமா போயி, சுத்தமா பாத்து மொண்டுகினு வந்தேன் யக்கா."

ஐஸ் பொட்டி

அப்புறம் நானே அளவா உப்பு கலந்து காமிச்சேன். தண்ணியை ஜில்லுனு வைக்கிறது எப்படின்னு நான் யோசிக்கிறதுக்குள்ள, மீன் வைக்கிற தெர்மாகோல் பொட்டியைக் கழுவிக்கிட்டு வந்துட்டாரு. டப்பை உள்ள இறக்கி, சுத்தி ஐஸைப் போட்டு, பக்கத்துலயே காவல் உட்கார்ந்தாரு. டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன்னுட்டாரு.

வழக்கமா கஸ்தூரிகிட்ட மீன் வாங்குற ஓட்டல்காரர் வாசல்ல ஐஸ் பொட்டியைப் பார்த்தா விடுவாரா? மூடியைத் தூக்கி, கிலோ எவ்வளவுன்னு கேட்டுட்டாரு. கஸ்தூரி வேகமா வந்துச்சு. "மூடுய்யா பொட்டிய. உள்ள கீறது எங்க வூட்டு ஆளு."

பொழைச்ச சிவப்பு

தினமும் கடையை மூடிட்டு ஒரு எட்டு போய்ப் பார்ப்பேன். பஞ்சு கொஞ்சங்கொஞ்சமா உதிர்ந்துச்சு. ஆனா சாப்பிடல. அது சாப்பிடுற வரைக்கும் எனக்கும் சோறு இறங்கல, மறைப்பானேன்.

ஒருநாள் சாயங்காலம் தேசிங்கு மண்புழுவைக் காட்டினாரு. லபக்குனு முழுங்கிடுச்சு! கஸ்தூரி குனிஞ்சு, மார்க்கெட்ல பார்க்கிற மாதிரியே செவுளைப் பார்த்து, செவந்துடுச்சுன்னு சொல்லிச்சு. அப்பாடான்னு நான் தரையிலேயே உட்கார்ந்துட்டேன். தேசிங்கு சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. "இத்தினி வருசத்துல எத்தினியோ மீனு புட்ச்சுகீறேன். பொழைக்கணும்னு சாமிய வேண்டிகினது இத்த ஒண்ணுக்குத்தான் யக்கா."

அன்னியிலேருந்து யார் வைத்தியம் கேட்டு வந்தாலும், உப்பு டப்பாவைத் திறந்து கண்ணுல காட்டின பிறகுதான் 'தண்ணி'ங்கிற வார்த்தையையே நான் வாயில எடுக்குறேன்.