கோவை இலையும் கொஞ்சம் மரியாதையும்

“புது டீச்சரம்மாவுக்கு வாயே இல்லீங்க. பாவம், புள்ளைங்கதான் பாத்து நடத்திக்குதுங்க.”

மல்லசமுத்திரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது. முதல் வகுப்பு ஆசிரியைகளே, உங்கள் காதிலும் இப்படி ஏதாவது விழுந்திருக்கும். நம் தொழிலில் சம்பளம் மாதம் ஒருமுறை. மானம் போவது தினமும். கல்லூரியில் எங்களுக்கு மனோதத்துவம் நடத்தியவர், ஆறு வயதில் கோபம் வரும், சூழ்ச்சி வராது என்பார். அதை நான் அப்படியே நம்பிக்கொண்டு வந்திருந்தேன்.

பச்சைக் கை

என் வகுப்பில் நல்லம்மாள்தான் கெட்டிக்காரி. ஊரில் பெரிய தோட்டம் வைத்திருப்பவர் மகள். ராசிபுரத்திலிருந்து தறியோடு குடிவந்த ஒரு குடும்பத்துப் பெண் ருக்மணி, சேர்ந்த வாரமே கணக்கில் அவளை முந்திவிட்டாள். மறுநாள் இடைவேளை முடிந்து வந்து பார்த்தால், ருக்மணியின் சிலேட்டில் ஒரு கணக்கைக்கூடக் காணோம். யாரோ துடைத்துவிட்டிருக்கிறார்கள்.

இங்கே சிலேட்டை, வேலியில் படரும் கோவைக் கொடியின் இலையால்தான் துடைப்பார்கள். துடைத்த கை பச்சையாகிவிடும். துப்புக் கிடைத்த பெருமையோடு, “எல்லாரும் கையை நீட்டுங்கள்” என்றேன். அத்தனை குட்டிக் கைகளும் பச்சை. மணி அடிக்கும் முன்பே நல்லம்மாள் வேலியிலிருந்து மடி நிறைய இலை பறித்து வந்து, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, அவரவர் சிலேட்டைத் துடைக்க வைத்திருக்கிறாள். அவளே எழுந்து எனக்கு ஆறுதல் சொன்னாள்: “எல்லாத்து கையும் பச்சைதானுங்க டீச்சரம்மா.”

கைதட்டல்

நான் சேலம் அஸ்தம்பட்டிக்காரி. இந்தப் பக்கத்தில் தவழும் குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்பார்கள், கேட்கவே இனிக்கும். ஒருநாள் வகுப்பு முழுவதும் ருக்மணியை, “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?” என்று உபசரிக்க ஆரம்பித்தது. நல்லம்மாள் சொல்லிக்கொடுத்தாளாம். திருந்திவிட்டாள் என்று உருகிப்போய், அவளுக்காக எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

மத்தியானம் ருக்மணி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “டீச்சரம்மா, எல்லாரும் என்னை வாங்க போங்கன்னு சொல்றாங்க.”

“நல்லதுதானே? மரியாதை கொடுத்தால் யாராவது அழுவார்களா?” என்று சிரித்தேன்.

முந்தானையை விடாமலே சொன்னாள்: “எனக்கு மரியாதை வேண்டாம் டீச்சரம்மா.”

வெளியாள்

அடுத்த வாரம் அவளுடைய அப்பா, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து வாசலில் நின்றார். “பேரை அடிச்சிருங்கம்மா. வீட்டுல தறிக்கு நூல் சுத்தட்டும். பள்ளிக்கூடம்னாலே அழுவுது. யாரும் திட்டலையாம், அடிக்கலையாம், மரியாதையாத்தான் பேசறாங்களாம். அப்புறம் எதுக்கு அழுவுதுன்னுதான் எனக்குப் புரியலைங்க.”

நாளை வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சி அனுப்பிவிட்டு, அன்று இடைவேளையில் ஜன்னலோரம் நின்று காது கொடுத்தேன். தங்களுக்குள் எல்லாம் ‘வா புள்ள’, ‘போ புள்ள’. இழுப்பு, கிள்ளு, சிரிப்பு. ருக்மணி கிட்டே போனால் மட்டும், “நீங்க உக்காருங்க” என்று சொல்லிவிட்டு விளையாட்டு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும்.

நல்லம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் தலை குனியவில்லை. “வெளியாளுக்கு மரியாதை குடுக்கோணும்னு எங்கய்யன் சொல்லுவாருங்க. நீங்களுந்தானுங்க கைதட்டச் சொன்னீங்க.”

என் பங்கு

மறுநாள் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ருக்மணியும் அப்பாவும் பதிலுக்காக வாசலில் நிற்கிறார்கள். உள்ளே வந்த நல்லம்மாளிடம், “வாங்க நல்லம்மா, உட்காருங்க” என்றேன். சிரித்தாள். “சிலேட்டு கொண்டு வந்தீங்களா?” என்றேன். சுற்றிலும் பார்த்தாள், இப்போது மற்றவர்கள் சிரித்தார்கள். “நீங்க பாடம் சொல்லுங்க, நாங்க கேட்கிறோம்” என்றேன். அவள் உதடு துடித்தபோது எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. மடி நிறைய கோவை இலையோடு ஓடி வந்தபோது அவளுக்கும் இதே குளிர்ச்சிதான் இருந்திருக்கும். நான் அவளைத் திருத்தவில்லை. அவளிடம் படித்ததை அவளுக்கே ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

நல்லம்மாள் சிலேட்டின் மேல் கவிழ்ந்து விம்மினாள். “என்னைய வா போன்னே கூப்புடுங்க டீச்சரம்மா.”

அதற்குள் வாசலில் ருக்மணி அப்பாவின் கையை விட்டாள். நேரே உள்ளே வந்து, அழுதுகொண்டிருந்தவளின் எதிரில் நின்று, “தள்ளி உக்காரு புள்ள” என்றாள்.

நல்லம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள்.