காக்கைக்குப் போதாத மெமரி

காக்கை கறுப்பு என்று சொல்கிறவர்கள் காக்கையைச் சரியாகப் பார்த்ததில்லை. இது ஊசியக்காவின் கட்சி. வெயில் பட்டால் கழுத்தில் நீலம் ஓடும், இறக்கை ஓரத்தில் ஊதா தெரியும், வால் பக்கம் கொஞ்சம் பச்சைகூட உண்டு என்பார். சந்தேகப்படுகிறவர்களைக் கையோடு ஜன்னலுக்கு இழுத்துப்போய், எதிர்வீட்டு மதில்மேல் உட்கார்ந்திருப்பதைக் காட்டுவார். அது பறந்துவிட்டிருந்தால், திரும்பி வரும்வரை அவர்களும் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் ஒற்றை அறை. அதில் பன்னிரண்டு ஊசி வைத்த ஓர் எம்பிராய்டரி மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டு, மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். பள்ளிச் சட்டைப் பைக்குச் சின்னம், ஓட்டல் ஏப்ரனுக்கு ஓட்டல் பெயர், வெள்ளைக் கோட்டுக்கு டாக்டர் பெயர் என்று பல வருஷமாகப் பிழைப்பு ஓடுகிறது. ஊசியக்கா என்ற பெயர் மெஷினால் வந்ததா, வாயால் வந்ததா என்று தெருவில் யாரும் விசாரித்ததில்லை. விசாரித்தால் பதில் வரும், அது குத்தும்.

எங்கே தையலைக் கண்டாலும் புரட்டிப் பார்ப்பது அவர் பழக்கம். முன்பக்கத்தை யாரும் அழகாகக் காட்டிவிடலாம், வேலைக்காரரின் லட்சணம் பின்பக்கத்து முடிச்சில்தான் தெரியும் என்பார். போன வாரம் பஸ்ஸில் ஒரு பெண் கண்டக்டரின் சட்டைப் பையை அப்படித்தான் புரட்டினார்.

"என்னக்கா இது? டிக்கெட் வாங்கச் சொன்னா சட்டையப் பிடிக்கிறீங்க?"

"இந்தச் சின்னத்த யாரு தைச்சது? பின்னால பாரு, கோழி கிளறின மாதிரி இருக்கு."

கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் பேச்சு ஓடியது. அந்தக் கண்டக்டர் பஸ் டிப்போவின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கேப்டன். பதினெட்டுப் பேருக்குப் புது ஜெர்சி வந்திருக்கிறது. நெஞ்சில் ஒரு சின்னம் வேண்டும். கடைவீதியின் பெரிய கடைக்காரர் கழுகு தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"கழுகா? உங்க டிப்போவுல கழுகு இருக்கா?"

"எங்கக்கா இருக்கு? காக்காதான் இருக்கு. டிபன் பாக்ஸைத் திறந்தா எங்களுக்கு முன்னாடி அதுதான் பந்தியில உக்காரும்."

மறுநாளே ஊசியக்கா ஒரு காக்கையை வர்ணம் தீட்டிக் கொண்டுபோய் டிப்போவில் காட்டினார். தலையைச் சாய்த்த காக்கை, அலகில் கண்டக்டரின் விசில். ஓய்வறையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். டிப்போ மேனேஜர் மட்டும் கத்தவில்லை. "படம் நல்லா இருக்கு. படத்தையா நெஞ்சுல ஒட்டிக்கிறது? வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள்ள ஒரு ஜெர்சியில தைச்சுக் காட்டுங்க. இல்லாட்டி கழுகுதான். அது ஏற்கெனவே தைச்சு என் மேஜைமேல இருக்கு" என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு ஜெர்சியைக் கொடுத்துவிட்டார்.

இத்தனை வருஷத்தில் ஊசியக்கா தைத்ததெல்லாம் பிறர் வரைந்தது. சொந்தப் படம் ஒன்று, நூறு பேர் பார்க்கிற இடத்தில், பதினெட்டு நெஞ்சில் ஏறப்போவது இதுதான் முதல் தடவை. செவ்வாய்க்கிழமை காலை அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது மனசுக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

வேலை இதுதான். வரைந்த படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, இறகு இறகாக அதன்மேல் கோடு போட்டு, கடைசியில் ஒரு பட்டனை அழுத்தினால் அது தையலாக மாறும். பிறகு மெஷின் பார்த்துக்கொள்ளும். ஊசியக்கா பட்டனை அழுத்தினார். திரை வெளுத்தது. மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்து நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி வெளுத்தது.

படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தார். பட்டன் வேலை செய்தது. ஆனால் நீலமும் ஊதாவும் ஒன்றாகக் குழம்பி, காக்கை கரித்துண்டாகிவிட்டது.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்று அவருக்கு மத்தியான ஷிஃப்ட். தேநீரும் கையுமாக எட்டிப்பார்த்தார்.

"புது கம்ப்யூட்டர் வாங்கிடலாமே."

"வாங்கலாம். இந்த டாங்கிளை எங்க சொருகுவீங்க? உங்க காதுலயா?"

தையல் சாப்ட்வேருக்குப் பூட்டுச்சாவி மாதிரி ஒரு கட்டை உண்டு. அதுதான் டாங்கிள். அது நுழைகிற அகலமான துளை இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் கிடையாது. அதனால் இந்தப் பழைய பெட்டியைத்தான் தேற்றியாக வேண்டும்.

"அப்போ ரேமை மட்டும் மாத்து. உள்ள பச்சையா ஒரு பட்டை இருக்கும், அதான் மெமரி."

"கழட்டிக் கொடுங்க."

"நானா?"

"எட்டு மாடி லிஃப்டைத் தொங்கவிட்டு வேலை பார்க்கிற ஆளு, இதைத் தொட பயமா?"

"லிஃப்ட்ல தப்பு நடந்தா ஆபீஸ்ல மெமோ கொடுப்பாங்க. இதுல தப்பு நடந்தா நீ கொடுப்ப."

கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊசியக்காவே மூடியைத் திறந்தார். இரண்டு பக்கக் க்ளிப்பையும் விலக்கியதும் பட்டை மேலே எழும்பி வந்தது. ஒன்றரை விரல் நீளம். இரண்டு ஜிபி என்று ஸ்டிக்கர் சொன்னது. கீழ் விளிம்பில் பொன்னிறப் பற்கள், பற்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டு. வெட்டு சரியாக நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்தது. சட்டைக்கு அளவு எடுப்பதுபோல, பட்டையைப் பழுப்புத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிவரைந்து, வெட்டு உட்பட கத்தரித்து எடுத்தார். பட்டையை அதன் இடத்தில் திருப்பிச் சொருகிவிட்டு, பேப்பர் அளவோடு கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற கீழ்த்தள மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.

முதல் கடை விற்பனையாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, சட்டை அளவா?"

"ஆமா, உனக்குத்தான். போட்டுப் பாரு."

இரண்டாவது கடை ஸ்க்ரூ அண்ணனுடையது. பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கிறவர். கழற்றுகிற ஸ்க்ரூவை உதட்டிடுக்கில் வைத்துக்கொண்டே பேசுவார், முக்கியமான விஷயத்துக்கு மட்டும் வெளியே எடுப்பார். பேப்பர் அளவைக் கண்டதும் மூன்று ஸ்க்ரூவையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இருபத்தி ரெண்டு வருஷமா கடை வச்சிருக்கேன். ரேமுக்குப் பேட்டர்ன் வெட்டிட்டு வந்த முதல் ஆளு நீங்கதான்."

"சிரிக்கிறதுக்கு முன்னாடி வச்சுப் பாருங்க."

அவர் கைக்கு வந்த ஒரு பட்டையைத் தாள்மேல் வைத்தார். வெட்டு இரண்டு நூல் தள்ளி நின்றது.

"இது சேராது" என்றார் ஊசியக்கா.

"சரியாச் சொன்னீங்க. இது டிடிஆர் ஃபோர். உங்களோடது த்ரீ. தலைமுறைக்குத் தலைமுறை இந்த வெட்டு இடம் மாறும். தெரியாம வச்சு அமுக்கினா ஸ்லாட்டுதான் உடையும்." வேறொரு பட்டையை எடுத்தார். அது தாளோடு அப்படியே பொருந்தியது. "நாலு ஜிபி. புதுசு. உங்களுக்கு டபுள்."

ஊசியக்கா ராணி மாதிரி வீட்டுக்கு வந்தார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அமுக்கினார். க்ளிப் இரண்டும் டக்கென்று விழுந்தது. சுவிட்சைப் போட்டார்.

கீ... கீ... கீ... என்று பெட்டி கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது. கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் பொற்பற்களைத் தேய்த்துத் திரும்பச் சொருகினார். கீ... கீ... பழையதைத் திருப்பி வைத்தார். சமர்த்தாக ஓடியது.

சாயங்காலம் கேப்டன் போன் செய்தார். "அக்கா, காக்கா எப்படி இருக்கு?"

"இன்னும் முட்டைக்குள்ள இருக்கு. கம்ப்யூட்டர் மூச்சு விடமாட்டேங்குது. வை போனை."

புதன்கிழமை காலை, இரண்டு பட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு கடை திறக்கும்போதே போய் நின்றார். ஸ்க்ரூ அண்ணன் புதுப்பட்டையைத் தன் கம்ப்யூட்டரில் வைத்துப் போட்டார். அது ஒரு முனகல் இல்லாமல் எழுந்தது.

"பாத்தீங்களா? சரக்கு நல்ல சரக்கு."

"என் கம்ப்யூட்டரும் நல்ல கம்ப்யூட்டர்தான்."

"அப்போ பொண்ணு மேலயும் குத்தமில்ல, மாப்பிள்ளை மேலயும் குத்தமில்ல. குடும்பம்தான் நடக்கல."

"அண்ணே, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு என் காக்கா போய் நிக்கணும். பழமொழி அப்புறம் சொல்லுங்க."

அவர் உள்ளே வேறு ஏதோ தேடப் போனார். ஊசியக்கா இரண்டு பட்டைகளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நீளம், ஒரே வெட்டு, ஒரே பச்சை. முகத்தில் வரிசையாக எட்டுக் கறுப்புச் சிப்பு, அதிலும் வித்தியாசமில்லை. சட்டென்று தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். ஊரார் சட்டையை எல்லாம் புரட்டுகிறவர், இதைப் புரட்டவில்லை.

புரட்டினார். பழையதன் முதுகிலும் எட்டுச் சிப்பு இருந்தது. புதியதன் முதுகு வழவழவென்று வெறுமையாக இருந்தது.

"அண்ணே! இங்க வாங்க. பழசுல பதினாறு சிப்புல ரெண்டு ஜிபி. புதுசுல எட்டே சிப்புல நாலு ஜிபி. சரியா?"

"சரி."

"துணியில இத்தன தையல்தான் போடலாம்னு ஒரு கணக்கு இருக்கு. அதே இடத்துல நெருக்கி நெருக்கித் தைச்சா மெல்லிசுத் துணி சுருண்டுக்கும், கெட்டித் துணி தாங்கும். இந்தப் பட்டையச் சொருகுற என் போர்டு மெல்லிசுத் துணியா?"

ஸ்க்ரூ அண்ணன் வாயிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். "போர்டு போட்டோ இருக்கா?"

மூடியைத் திறந்தபோது எடுத்தது போனில் இருந்தது. அவர் பெரிதாக்கிப் போர்டின் எண்ணைப் படித்தார். "அட, இதுவா! இது ரொம்பப் பழைய ஆளு. ஒரு சிப்புக்குள்ள ரொம்ப அடைச்சு வச்சா இதுக்குப் படிக்கத் தெரியாது. நாலு ஜிபியே போடலாம், ஆனா ரெண்டு பக்கமும் பரத்தி வச்ச நாலு ஜிபியா இருக்கணும். பதினாறு சிப்பு."

"இத நேத்தே சொல்லக்கூடாதா?"

"நேத்து போர்டையா காட்டினீங்க? பேப்பரைக் காட்டினீங்க. நான் பேப்பருக்குக் கொடுத்தேன்."

அப்புறம் தேடல். ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் கடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஸ்க்ரூ அண்ணன் பட்டையைப் பிடுங்கித் தர, வாங்கிய வேகத்தில் ஊசியக்கா புரட்டினார். ஒரு பக்கம். ஒரு பக்கம். ரெண்டு பக்கம், ஆனால் ஒரு ஜிபி. ரெண்டு பக்கம், ஆனால் ஒன்பது ஒன்பதாகப் பதினெட்டுச் சிப்பு. "அது சர்வருக்குள்ளது, உங்க போர்டு சேத்துக்காது" என்று அவர் வாங்கித் தூரப்போட்டார். பத்தொன்பதாவது பெட்டியில் அது இருந்தது. நாலு ஜிபி, முகத்தில் எட்டு, முதுகில் எட்டு. ஊசியக்கா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று மெயினை அணைத்துவிட்டார்.

அந்தப் பட்டையைத் தந்து புதியதைத் திருப்பி எடுத்துக்கொண்ட ஸ்க்ரூ அண்ணன், பேப்பர் அளவை மட்டும் தனக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார்.

வீட்டில் பட்டை உள்ளே போனது. க்ளிப் விழுந்தது. சுவிட்ச். ஒரே ஒரு குட்டி ‘கீ’, அது வணக்கம் சொல்கிற கீ. திரை வெளிச்சமானது. கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நாலு வாங்கினேன்னு சொன்ன. மூணே காலுதான் காட்டுது. ஏமாத்திட்டானா?"

"பழைய விண்டோஸுக்கு அவ்வளவுதான் கண்ணு தெரியுமாம். அண்ணன் முன்னாடியே சொல்லிட்டாரு. தையலுக்கு உள்ள விட்ட துணின்னு நினைச்சுக்கோங்க."

பெரிய படத்தைத் திறந்தார். இறகுகளை ஒருமுறை சரிபார்த்தார். பட்டனை அழுத்தினார். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கழுத்திலிருந்து ஆரம்பித்து, நூல் நூலாக நீலம் திரையில் இறங்கியது. அதன்மேல் ஊதா. கடைசியில் வாலில் பச்சை. முப்பத்தோராயிரம் தையல்.

"அடேயப்பா" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "கா கான்னு கத்தும்போல இருக்கே."

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. காக்கைக்கு ஐம்பது நிமிஷம். பதினொன்றேகாலுக்குக் கீழே ஒரு பஸ் வந்து நின்றது. டிப்போவுக்குத் திரும்புகிற காலிப் பஸ். கேப்டன் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தார்.

"முடிஞ்சுதாக்கா?"

"கண்ணு பாக்கி. தொடாத."

கடைசி ஊசி இறங்கிக் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தது. கீழே டிரைவர் ஹார்ன் அடித்தார். ஊசியக்கா ஜெர்சியைப் புரட்டி, பின்பக்கத்து நூல்களை நறுக்கி உதறினார். கேப்டன் அதை வாங்கிக் காக்கிச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு ஓடினார். இறங்குகிற வேகத்தில் விசிலையும் ஊதிவிட்டார். மருந்துக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்கு வழிவிட்டார்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"அக்கா! மேனேஜர் ஜெர்சிய ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாத்தாரு, திரும்பி வந்தாரு, கழுகை எடுத்து டிராயருக்குள்ள போட்டுட்டாரு! இன்னும் பதினேழு தைக்கணுமாம். ஞாயித்துக்கிழமை மேட்ச், தாங்குமா?"

"மெஷின் தாங்கும். நான்தான் சாப்பிடணும்." ஊசியக்கா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்தா, வச்சிடாத. உங்க கோல்கீப்பர் எப்படி, உயரமா?"

"ஏழு நம்பர் பஸ்ல நின்னா தலை கூரையில இடிக்கும்."

"அப்போ அவளுக்கு மட்டும் வேற காக்கா. ரெண்டு இறக்கையும் விரிச்சது."

"இறக்கைய விரிச்சா இன்னும் பெருசாகுமேக்கா. கம்ப்யூட்டர் மறுபடி மூச்சு விடாமப் போயிடப்போகுது!"

ஊசியக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, இடது இறக்கையின் முதல் இறகை இழுத்து நீட்ட ஆரம்பித்திருந்தார்.