பனிவண்டியும் அக்கா புருஷனும்

அக்கா புருஷனோடு ஒரே வண்டியில் போவதைவிட வெயிலில் நடந்தே போய்விடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர், நான் டிரைவர். ஏறு என்றால் ஏற வேண்டும், ஓட்டு என்றால் ஓட்ட வேண்டும். போதாததற்கு எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதை ஒரு நாளும் அவர் என்னை மறக்க விட்டதில்லை. கேம்ப் மெஸ்ஸில் நான் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டால்கூட, "நான் மட்டும் விசா குடுக்கலேன்னா ஊர்ல ஆடு மேச்சுக்கிட்டுத் திரிஞ்சிருப்பான்" என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வார். எங்கள் வீட்டில் ஆடே கிடையாது.

விழாக்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குவது எங்கள் கம்பெனியின் வேலை. அந்த மே மாதம் துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் அல் ஐனில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தநாள் விழா வந்தது. பிறந்தநாள் பிள்ளைக்குப் பனி வேண்டுமாம். வெளியே தார் உருகுகிற வெயில். பஞ்சையும் நுரையையும் கொட்டிப் பனி செய்ய வேறு ஆட்கள் முன்பே போயிருந்தார்கள். அந்தப் பஞ்சுக்கு நடுவே நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள நிஜமான பனிவண்டி ஒன்று தேவைப்பட்டது. துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் பனி அரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டியை வாடகைக்குப் பேசி முடித்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

பனிவண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. முன்னால் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் புல்டோசருக்கு இருப்பது போல அகலமான ரப்பர் பட்டை. மேலே மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போல சீட்டும் ஹேண்டில்பாரும். எங்கள் சின்னப் பிக்கப்பின் பின்புறத்தைவிட அது நீளம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"பெரிய வண்டி எங்க அத்தான்?" என்றேன்.

"ஷார்ஜாவுல டூட்டிக்குப் போயிருக்கு. இதுலயே போவும்."

"பின்கதவ மூட முடியாதே."

"தொறந்து போட்டுட்டுப் போ. நீ என்ன எஞ்சினியரா?"

என் பயம் வேறு. இந்த நாட்டில் சாலைத் தப்பு செய்தால் அபராதத்தோடு பிளாக் பாயின்ட் என்று ஒன்று லைசென்ஸில் ஏறும். அது நிரம்பினால் லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். என்னுடையது விளிம்பில் நின்றது. அதில் பாதி இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டியதால் வந்தது. டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்று, கடைசியில் எப்படியோ வாங்கிய லைசென்ஸ் அது. அதற்கு முன் கம்பி கட்டும் வேலையில் இருந்தேன். வெயிலில் காய்ந்த கம்பியைத் தொட்ட கை அந்தச் சூட்டை மறக்காது. லைசென்ஸ் போனால் திரும்ப அங்கேதான். அவருடைய லைசென்ஸும் அதே நிலையில் இருந்தது என்பது கேம்ப் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால்தான் அவர் ஸ்டியரிங்கைத் தொடாமல் என்னை ஓட்ட வைத்துக்கொண்டிருந்தார்.

அரங்கத்துக்குப் பின்னால் சாமான் ஏற்றும் இடமும் ஐஸ்பெட்டிக்குள் நுழைந்தது போலத்தான் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் நேபாளிகள் தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் போட்டிருந்தார்கள். சாரப் பலகை இரண்டைச் சாய்த்து வைத்து, எல்லோருமாகத் தள்ளி ஏற்றினோம். வண்டியின் அடிவயிறு முழுக்க ஐஸ் இறுகிக் கிடந்தது. ரப்பர் பட்டைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இடைவெளியே இல்லாதபடி கல்லாக உறைந்திருந்தது. நான் சாமான் கட்டும் பெல்ட்டை வண்டிமேல் போட்டு வலு உள்ள மட்டும் இறுக்கினேன். அசைத்துப் பார்த்தால் அசையவில்லை. அவரும் ஒரு உதை கொடுத்துப் பார்த்துவிட்டு, "கலாஸ், முடிஞ்சது. கெளம்பு" என்றார். இரும்போடு இரும்பைக் கட்டியதாகத்தான் நாங்கள் இருவரும் நினைத்தோம். கட்டியது ஐஸை என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை. ராமநாதபுரத்துக்காரனுக்குப் பனிவண்டி கட்டத் தெரியவில்லை என்று யாரும் கேஸ் போட முடியாது.

நகரத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் மணல் வந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். பனிவண்டி தலையாட்டிக்கொண்டிருந்தது. பின்னால் சாலையில் கோடு போட்டாற்போல தண்ணீர். ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். அடியில் இருந்த ஐஸ் முக்கால்வாசி உருகி, வண்டி ஸ்பிரிங்கில் இறங்கி உட்கார்ந்திருந்தது. இறுக்கிக் கட்டிய பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. முழங்கை வரை உள்ளே விடலாம்.

மறுபடி இறுக்கினேன். அதற்குள் இன்னொரு ஐஸ் கட்டி பொத்தென்று விழுந்தது, பெல்ட் திரும்பத் தளர்ந்தது.

"அத்தான், கொஞ்சம் நிக்கணும். மொத்தமும் உருகட்டும், அப்பறம் கட்டுனாத்தான் நிக்கும்."

அவர் ஏசியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஒரு விரல் அளவுக்கு இறக்கினார். "மேனேஜர் போன் மேல போன் அடிக்கிறான். நீ இங்க ஐஸ் உருகுறத வேடிக்க பாக்கப் போறியா? ஏறுடா."

"போலீஸ் புடிச்சா பாயின்ட் எனக்குத்தான் ஏறும்."

"ஏறட்டுமே. லைசென்ஸ் போனா கம்பி கட்டு. மொதல்ல அதானே கட்டிக்கிட்டிருந்த? ஒனக்கெல்லாம் அது போதும்."

அத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். அக்காவைக் கட்டியவர், எதிர்த்துப் பேசினால் அவளுக்குத்தான் கஷ்டம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று அந்த வார்த்தை சுரீரென்று தைத்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சாவியை உருவி சீட்டில் போட்டேன்.

"நான் ஓட்டலை. நீங்க ஓட்டுங்க."

என் தாத்தாவரை இழுத்துத் திட்டினார். நான் சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டுக் கதவருகே நின்றேன். மறுபடி போன் அடித்தது. வேறு வழியில்லாமல் நகர்ந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். என் மேல் இருந்த ஆத்திரத்தை எல்லாம் ஆக்சிலேட்டரில் காட்டினார். நான் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. இவர் மாட்ட வேண்டும்.

அல் ஐனுக்குள் நுழைந்து ஒரு ரவுண்டானாவில் வேகம் குறைக்காமல் திருப்பினார். பின்னால் கரகரவென்று இரும்பு தேய்க்கும் சத்தம். பனிவண்டி குறுக்கே திரும்பி, ஒரு சறுக்குக் கட்டை பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் வந்த கார் ஹாரன் அடித்துக்கொண்டு விலகியது. அந்தக் காருக்குப் பின்னாலேயே போலீஸ் வண்டி. விளக்கு சுழன்றது, ஓரம் கட்டச் சொல்லி மைக்கில் குரல் வந்தது.

வண்டி நின்றதும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தத் திமிர் இல்லை.

"மாப்ள, சீட்டு மாறிக்க. சீக்கிரம். நான் அப்பிடியே உள்ளுக்குள்ளயே நகந்துக்கிறேன்."

நான் அசையவில்லை.

"ஒங்க அக்கா மொகத்துக்காகடா. என் லைசென்ஸ் போனா வேலையே போயிரும். ஒனக்குன்னா நான் பாத்துக்கிறேன்."

என்னை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக் கேட்டது அன்றுதான். கதவைத் திறந்து இறங்கி, போலீஸ்காரர் பார்வை படும்படி பின்கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இனி யார் ஓட்டினார் என்ற கேள்விக்கே இடமில்லை.

போலீஸ்காரர் இளைஞர். பனிவண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போய் லைசென்ஸ் கேட்டார். மிஷினில் போட்டுப் பார்த்தவர் அதைத் திருப்பித் தரவில்லை. அத்தான் அரபியும் இந்தியும் கலந்து கெஞ்சியது எனக்கு நன்றாகக் கேட்டது. உண்மையைச் சொன்னால், காதுக்கு இதமாக இருந்தது.

பனிவண்டியை வேறு லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். காலிப் பிக்கப்பை நான் ஓட்டி வந்தேன். லைசென்ஸ் இல்லாமல், சொந்தமாக வண்டியெடுத்துச் சைட்டுக்குச் சைட் போய்வர முடியாத சூப்பர்வைசர் எதற்கு என்று கம்பெனி கொஞ்ச நாளில் அவர் விசாவை கேன்சல் செய்தது. அவர் ஏர்போர்ட்டுக்குப் போன அன்று ரூமில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று ஒருவனும் கேட்கவில்லை. எல்லோரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

அக்கா தானாகப் போன் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே கூப்பிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நான் செய்ததில் தப்பில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"லைசென்ஸ் இருக்குல்ல தம்பி?" என்று கேட்டாள். குரல் அடங்கிப் போயிருந்தது.

"இருக்குக்கா."

"பத்திரமா வச்சுக்க." பிறகு சொன்னாள்: "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவுல வருவாரு. அந்த ஒரு மாசத்தப் பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருவேன். இப்ப தெனமும் வீட்டுலயே இருக்காரு, தம்பி."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

அவளுக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் உருளும் சத்தமும் எனக்கு நன்றாகப் பழக்கமான குரலும் கேட்டன. "யாருடி போன்ல?"

"ராங் நம்பர்" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.