மருந்து கலக்காத தொட்டி

ராபியாவுக்கு அந்த வேலை கிடைத்ததற்கு அவள் மகள் இனாயாதான் காரணம். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பெண், ஒருநாள் சாயங்காலம் போனைத் தடவிக்கொண்டே, "அம்மா, அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேப்ல மீன் பாத்துக்க ஆள் கேக்கறாங்க. விலங்கியல் படிச்சிருக்கணுமாம்" என்றாள். ராபியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் விலங்கியல் படித்து முடித்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. கடைசிப் பரீட்சை எழுதிய மறுமாதமே நிக்காஹ். பட்டச் சான்றிதழ் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது.

"சின்னப் பொண்ணுங்களா பாத்து எடுப்பாங்கடி" என்று சொல்லிவிட்டு அவள் அதை மறந்துபோனாள். மகள் மறக்கவில்லை. அம்மாவின் பெயரில் அவளே விண்ணப்பத்தைத் தட்டிவிட்டாள். நான்கு நாள் கழித்து நேர்காணலுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது, ராபியாவுக்கு மகளைத் திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியவில்லை. பூந்தமல்லியில் பள்ளிக்கூடப் பைகள் தைத்து விற்கும் அவள் கணவர் உஸ்மான் கனி, "போய்ட்டு வா. வேணாம்னு சொன்னா பஸ் ஏறி வந்துடப் போற, அவ்ளோதானே" என்றார்.

நேர்காணல் செய்தவள் தாட்சாயிணி. ஆய்வகத்தின் மீன் பிரிவுக்குப் பொறுப்பானவள். ராபியாவைவிட ஏழெட்டு வயது சின்னவள். "மீனைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டாள்.

"கொழம்பு வைக்கத் தெரியும் மேடம். காலேஜ்ல அறுத்துப் பாக்கத் தெரியும். உயிரோட வச்சுக்கத்தான் தெரியாது. கத்துக்கறேன்."

தாட்சாயிணி சிரித்துவிட்டாள். அடுத்த வாரமே ராபியா மண்ணூர்பேட்டை நிறுத்தத்தில் இறங்கி, ரப்பர் வாசனை அடிக்கிற தெரு வழியாக வேலைக்கு நடந்துபோனாள்.

வேலை இதுதான். கம்பெனிகள் ஏதாவது ஒரு ரசாயனத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். பூச்சிமருந்தோ, சாயமோ, சோப்போ, எதுவாகவும் இருக்கலாம். கழுவி ஊற்றினால் அது எப்படியும் ஏதோ ஓர் ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும். அங்கே இருக்கிற மீனுக்கு அது என்ன செய்யும் என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லவேண்டும். ஆறு கண்ணாடித் தொட்டிகள். ஐந்தில் அந்த ரசாயனத்தை ஒன்றைவிட ஒன்று இருமடங்காகக் கலப்பார்கள். ஆறாவதில் வெறும் தண்ணீர். அதற்குக் கன்ட்ரோல் தொட்டி என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஏழு ஜீப்ரா மீன்கள், விரல்கணு நீளத்தில், உடம்பெல்லாம் நீலக் கோடு. நான்கு நாள், அதாவது தொண்ணூற்றாறு மணி நேரம். தினமும் ஒரே நேரத்தில் போய் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எப்படி நீந்துகின்றன என்று எழுதவேண்டும். எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றன என்பதுதான் கடைசியில் அறிக்கைக்குப் போகும்.

முதல் மாதம் ராபியாவுக்கு இது ஒப்பவில்லை. வீட்டில் சங்கரா மீனைச் செதில் உரிக்கிற கைதான். ஆனால் தானே பன்னிரண்டு நாள் தீனி போட்டுப் பழக்கிய மீனைத் தானே தொட்டியில் விட்டுச் சாகிறதா என்று பார்ப்பது வேறாக இருந்தது. "ஏரில ஆயிரக்கணக்குல செத்து மெதக்கறதுக்குப் பதிலா இங்க நாப்பத்திரெண்டு. அப்படித்தான் நான் நெனச்சுக்கறது" என்றாள் தாட்சாயிணி. அந்த நாற்பத்திரண்டும் வீணாகிவிடக்கூடாது என்பதில் அன்றிலிருந்து ராபியா கண்ணும் கருத்துமாக ஆனாள். மீன்கள் பசியோடு இருப்பதை, பயந்திருப்பதை, சும்மா சோம்பலாக இருப்பதைப் பார்த்தவுடன் சொல்லப் பழகினாள். உஸ்மான் கனி கேலி செய்வார்: "என் முகத்தைப் பாத்து ஒருநாளும் இவ்வளவு கண்டுபிடிச்சதில்லையே."

அவள் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தபோது, பாஸ்கரன் என்பவர் வந்தார். ஆவடி சேக்காட்டில் சின்னதாக ஒரு யூனிட் வைத்துத் தரை துடைக்கிற திரவம் தயாரிப்பவர். வாட்டசாட்டமான ஆள், பேச்சில் எப்போதும் ஓர் உற்சாகம். பாட்டிலில் ஒட்டும் லேபிளைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார். பச்சை எழுத்தில் பெயர், அதன் கீழே பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற ஒரு மீன்.

"மீனே குடிக்கலாம் மேடம், அவ்ளோ சுத்தம். நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார்.

"மீன் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவோம் சார்" என்றாள் தாட்சாயிணி.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குச் சோதனை தொடங்கியது. செவ்வாய் காலை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். அதிக அளவு கலந்த இரண்டு தொட்டிகளில் மீன்கள் செத்திருந்தன. நடுத்தொட்டியில் சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கன்ட்ரோல் தொட்டியில் ஏழும் ஜாலியாக ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலை ராபியா விளக்கைப் போட்டதும் கால் அப்படியே நின்றுவிட்டது. கன்ட்ரோல் தொட்டியில் மூன்று மீன்கள் அடியில் கிடந்தன. மீதி நான்கும் பக்கவாட்டில் சாய்ந்து, கரண்ட் அடித்ததுபோல் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. மருந்து மிகக் குறைவாக இருந்த தொட்டிகளிலும் அதே கதி.

பேனாவை எடுத்து, "கன்ட்ரோல்: ஏழில் மூன்று இறப்பு" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் தாட்சாயிணியைக் கூப்பிடப் போனாள். வெறும் தண்ணீரில் ஒரு மீனுக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது. அது இருவருக்கும் தெரியும்.

தாட்சாயிணி தொட்டிகளைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள். "ராபியாக்கா, மருந்தைத் தப்பித் தவறி கன்ட்ரோல்ல ஊத்திட்டீங்களா?"

"இல்ல மேடம். எப்பவும் கன்ட்ரோலைத்தான் மொதல்ல வைப்பேன். அதை மூடின பெறகுதான் மருந்து பாட்டிலையே தொறப்பேன்."

"அப்புறம் எப்படி?"

தாட்சாயிணி கோபமாகப் பேசவில்லைதான். ஆனால் அந்தக் கேள்வி ராபியாவுக்குள் முள்ளாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு அமர்ந்து, மிச்சமிருந்த மீன்களையே அரைமணி நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"மேடம், இது பாஸ்கரன் சார் மருந்து இல்ல."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"அந்த மருந்து பட்டா மீனு மூச்சுக்குத் தவிக்கும். மேல வந்து வாயத் தொறக்கும். நேத்து அப்படித்தான் இருந்துச்சு. இது தவிக்கல, இழுக்குது. வேற ஏதோ விஷம்."

இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். தண்ணீரா? அதே தண்ணீரில் பக்கத்து அறைப் பெரிய தொட்டியில் இருநூறு மீன்கள் நன்றாக இருந்தன. தீனியா? சோதனை மீன்களுக்குத் தீனியே கிடையாது. அளந்து பார்த்தால் தண்ணீரில் பிராணவாயுவும் சரி, சூடும் சரி. கடைசியில் ராபியாவின் பார்வை தொட்டிக்குள் குமிழிவிடும் மெல்லிய காற்றுக் குழாயில் போய் நின்றது. பெரிய தொட்டிக்குத் தனிப் பம்ப். இந்த ஆறு தொட்டிகளுக்கும் காற்று அனுப்புகிற பம்ப், சத்தம் பொறுக்கமுடியாமல், வெளியே பின்வராந்தா அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது.

அவள் குழாயைப் பிடித்தபடியே வராந்தாவுக்குப் போனாள், தாட்சாயிணியும் பின்னாலேயே வந்தாள். அலமாரியில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு ஜாண் தள்ளி, சுவர் பிளக்கில், ஒரு கொசு மெஷின் சிவப்பு விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் இரவுப் பணி முடிந்தும் மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்த காவலாளி இருதயராஜ்.

"அண்ணே, இந்த மெஷினை யாரு வச்சது?"

"நான்தாம்மா. நேத்து மழைல கேட்டாண்ட ரூம்ல தண்ணி பூந்துட்ச்சி. இங்க வந்து குந்திகினேன். கொசு இன்னா கடி கடிக்குதுன்ற, ஆள தூக்கிகினு போயிரும் போல கீது. ஊட்லேந்து எடுத்தாந்து சொருவுனேன். ஏன், இன்னா ஆச்சு?"

ராபியா சுவரில் சாய்ந்துகொண்டாள். கொசு மெஷினில் இருந்து கிளம்பிய ஆவியைப் பம்ப் ராத்திரி முழுக்க உறிஞ்சி, குமிழி குமிழியாக ஆறு தொட்டிக்கும் ஊட்டியிருக்கிறது. கொசுவைக் கொல்கிற அந்த வகை மருந்து மனுஷனை அதிகம் ஒன்றும் செய்யாது, மீனுக்கு ஆலகாலம். இது தாட்சாயிணிக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்தும் அவளுக்குப் பம்ப் ஞாபகம் வரவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் இருதயராஜ் ஆடிப்போய்விட்டார். "கொசுவுக்குத்தானம்மா வச்சேன், மீனுக்கா வச்சேன். வேலைய உட்டுத் தூக்கிருவாங்களா?"

"யாரும் தூக்கமாட்டாங்க. பம்பை வெளில வச்சது எங்க தப்பு" என்றாள் தாட்சாயிணி. பிறகு ராபியா பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, "உங்களைக் கேட்டிருக்கக்கூடாது அக்கா. சாரி" என்றாள்.

"கேக்கணும் மேடம். அதுதானே உங்க வேலை" என்றாள் ராபியா. சொல்லும்போதே முள் தானாகக் கழன்று விழுந்தது.

பம்ப் அறைக்குள் வந்தது. சத்தத்துக்கு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். குழாய்களையும் குமிழிக் கற்களையும் தூக்கிப்போட்டுப் புதிது மாட்டினார்கள். இருதயராஜுக்குத் தாட்சாயிணி ஒரு கொசு பேட் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காலை அவர் எத்தனை கொசு அடித்தார் என்ற கணக்கை ராபியாவிடம் ஒப்பித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

தாமதமாகும் என்று போனில் சொன்னபோது பாஸ்கரன் பதறினார். "வெறுந்தண்ணி மீனு செத்ததுக்கு என் மருந்து இன்னா பண்ணும் மேடம்? அதை உட்டுட்டு மீதிய எழுதிக் குடுங்களேன்." முடியாது என்றாள் தாட்சாயிணி. அடுத்த திங்கள் புது மீன்களோடு மறுபடி தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை, கடைசிக் கணக்கெடுப்புக்குப் பாஸ்கரனே நேரில் வந்து நின்றார்.

கன்ட்ரோல் தொட்டியில் ஏழுக்கு ஏழு. லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமிலும் ஏழு. பத்தில் ஒன்று செத்திருந்தது. இருபதில் நான்கு செத்து, மூன்று மேல்மட்டத்தில் தவித்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் எதுவும் மிச்சமில்லை.

பாஸ்கரன் இருபது மில்லிகிராம் தொட்டியின் முன்னால் குனிந்து பார்த்தார்.

"இது எவ்ளோம்மா, நம்ம கணக்குல?"

"பெரிய டிரம் தண்ணில ஒரு டீஸ்பூன் சார்" என்றாள் ராபியா. "அதுக்கே பாதி போயிடுது."

"லேபிள்ல சிரிக்க வச்சிட்டேனே" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ராபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஒரு நிமிஷம் முறைத்த பாஸ்கரனும் சிரித்துவிட்டார்.

அவர் போனபின், தவித்துக்கொண்டிருந்த மூன்றையும் ராபியா கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டு, வலியில்லாமல் முடித்துவைத்தாள். அந்த வேலையை மட்டும் அவள் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

பாஸ்கரன் நல்ல மனிதர். அறிக்கையைத் தூக்கி மூலையில் போடவில்லை. நான்கு மாதம் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்து, நுரைக்கும் பொருளை மாற்றி, புது மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். அதை லிட்டருக்கு நூறு மில்லிகிராம் கலந்தும் நான்கு நாளில் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அந்த அறிக்கையில், கண்காணித்தவர் என்ற இடத்தில், முதல்தடவையாக ராபியாவின் பெயர் பட்டத்தோடு அச்சானது. தாட்சாயிணிதான் சேர்க்கச் சொன்னாளாம். மீன் அறைப் பொறுப்பும் அந்த மாதத்திலிருந்து ராபியாவுக்கு வந்தது. செய்தியைக் கேட்ட உஸ்மான் கனி கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, வீட்டுக்கு மூன்று பொட்டலம் பிரியாணி வாங்கிவந்தார். இனாயா தன் பங்குக்கு, "விண்ணப்பம் போட்டது யாரு?" என்று சாப்பிட்டு முடிக்கும்வரை நாலு தடவை கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கொளத்தூரிலிருந்து புது மீன்கள் வந்தன. வீங்கிய பாலித்தீன் பைகளில், பைக்கு ஐம்பது. இருதயராஜ் ஒவ்வொரு பையையும் கைக்குழந்தையைப்போல் இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்தார்.

"அப்படியே தொறந்து ஊத்திறலாமாம்மா?"

"கூடாதுண்ணே. பையோட மெதக்க விடணும். அரைமணி நேரம் தண்ணிச் சூடு பழகட்டும்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு, தொட்டிக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார். பைகள் தண்ணீரில் மெல்ல ஆடின. உள்ளே நீலக் கோடுகள் அங்கும் இங்கும் பாய்ந்துகொண்டிருந்தன. ராபியா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.