அம்மாவின் கை இருந்த இடம்

ஈர இரும்பின் வாடை வரும் அந்தக் காகிதத்திலிருந்து. பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பின்பக்கத்தில், பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் மிஞ்சியதென்று என் அக்கா செல்வி இரண்டு குப்பிகளில் கொண்டுவந்த கரைசலைக் கலந்து பூசி, இருட்டறையில் காயவைத்து, மேலே வேப்பங்கொத்தோ ஆவாரம்பூவோ பரப்பி மாடி வெயிலில் கிடத்துவோம். ஆமத்தூர் வெயிலுக்குக் காமிரா எதற்கு? கொஞ்ச நேரங்கழித்துத் தண்ணீரில் அலசினால், சுற்றிலும் கருநீலமாகி, இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். இலையைத் தூக்கிப் போட்ட பிறகும் அது அங்கேயே இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

முதலில் எடுத்ததெல்லாம் பாழ். புழங்குவதற்கு வைத்திருந்த போர்க்குழாய் 'உப்புத்தண்ணி'யில் அலசியதால், நீலம் எங்கள் கண்முன்னே வெளிறிப்போனது. குடிக்கிற 'நல்லதண்ணி'தான் வேண்டும் என்றாள் அக்கா. லாரிக்குக் காத்துக்கிடந்து பிடித்த தண்ணீரை அம்மா லேசில் தருவாளா?

அப்பா வெளியூரில் லாரி ஓட்ட, அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போய்வந்தாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும், அலுமினியப் பொடி அப்பி மின்னும் கைகளோடு வாசலுக்கு வெளியிலேயே நின்று, "கிட்ட வராதீங்கடி, குளிச்சிட்டு வாரேன்" என்பாள். குளித்துச் சேலை மாற்றிய பிறகுதான் எங்களைத் தொடுவாள். போட்டோ எடுக்க மட்டும் சம்மதிக்கவே மாட்டாள்; எங்கள் தெருவில் பெரிதாக்கி மாட்டிய படங்களில் பாதிக்கு மேல் மாலை தொங்கியதை அவள் பார்த்திருந்தாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல், "கையில மூஞ்சி இல்லைல்ல" என்று சிரித்தபடி காகிதத்தின்மேல் வலது கையை வைத்து, வெயிலில் அசையாமல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அலசுவதற்கு நல்லதண்ணியையும் அவளே சாய்த்து ஊற்றினாள். வளைந்த சுண்டுவிரலோடு அந்தக் கை நீலத்துக்குள் வெள்ளையாக எழுந்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டிவைத்தோம்.

அந்தத் தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மேற்கே புகை. எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் நிற்பதைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டு அத்தை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "வெடியில போனவுகளுக்குத் தாம் போனதே தெரியாதாம். வேலை முடிஞ்சாப்புல வீட்டுக்குத்தான் வருவாக. வாசல்லயே நிப்பாக, உள்ள வரமாட்டாக."

வேன்கள் வரும் நேரம் கடந்தது. ஒன்றும் வரவில்லை. இருட்ட இருட்டக் காகிதத்தின் நீலம் சுவரோடு கலந்துபோய், வெள்ளைக் கை மட்டும் தெரிந்தது. அது எங்களைக் கூப்பிடுகிறதா, வராதே என்கிறதா என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாசலுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டிருந்தாள். முகம், கை, சேலை எல்லாம் பொடி மினுங்கியது.

"கிட்ட வராதீங்கடி" என்றாள்.

தினமும் சொல்வதுதான். அன்று நான் அக்காவின் பின்னால் போய் நின்றேன். அக்கா சுவரிலிருந்து காகிதத்தைப் பிய்த்தெடுத்து, தானும் கிட்டப் போகாமல், நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். "இதுல கைய வையிம்மா."

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குனிந்து கையை வைத்தாள். சுண்டுவிரலின் வளைவுகூட இம்மி பிசகாமல் பொருந்தியது. அதற்குப் பிறகு நாங்கள் ஓடிப்போய் அந்தப் பொடியோடேயே அவளைக் கட்டிக்கொண்டபோது, அவள் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. வெடித்தது அடுத்த கம்பெனியாம். வேன்களெல்லாம் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால் நடந்தே வந்திருக்கிறாள்.

அம்மா பல வருஷம் கழித்து, காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்தாள். அந்த மாடி வீடும் இப்போது இல்லை, போர்க்குழாயும் வற்றிவிட்டது. சுவரில் மறுபடி ஒட்டிய காகிதம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்து, கை எது தாள் எது என்று தெரியாத நிலைக்கு வந்திருந்ததால், பீரோவின் அடித்தட்டில் அவளுடைய சேலைகளுக்கு நடுவே செருகி வைத்திருந்தேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால், நீலம் திரும்ப வந்திருக்கிறது. இருட்டில் வைத்தால் அப்படித்தான், அதன் குணமே அது என்று போனில் அக்கா சாதாரணமாகச் சொன்னாள். விரல்களின் ஓரத்தில் அன்றைய பொடி இன்னும் மினுங்குகிறது. என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் மட்டும் பொருந்தவில்லை.