ஞாயிற்றுக்கிழமை உறங்கிய பட்டன்

எங்கள் தீவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ராமேஸ்வரத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. அப்படித் தானாகத் தெரிந்திருந்ததுதான் வினையாகப் போயிற்று.

ராமநாதபுரத்தில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு நான் வீட்டிலிருந்தே ஆப் எழுதிக்கொடுக்கிறவள். விசைப்படகுக்காரர்களுக்கு ஓர் ஆப் வேண்டும் என்று வேலை வந்தபோது, என் அண்ணன் படகு டிரைவர் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

முதலில் ‘கடலுக்குப் போகிறோம்’ என்ற பட்டனை எழுதினேன். அமுக்கினால் ‘நிச்சயமா?’ என்று ஒரு தடவை கேட்கும். போகாத நாட்களில் சாம்பல் நிறமாகி, அமுக்கினாலும் அசையாது. அதிலிருந்து ‘ஐஸ் வேண்டும்’ பட்டனைப் பிறப்பித்தேன். ஒரு பட்டனை இன்னொன்றின் பிள்ளையாக எழுதினால், தாயிடம் இருப்பதெல்லாம் கேட்காமலே பிள்ளைக்கு வந்துவிடும். புதிதாக நாலு வரி எழுதினால் போதும். அடுத்து ‘டீசல் வேண்டும்’. கடைசியாக, கடலில் இன்ஜின் நின்றாலோ ஆளுக்கு ஏதாவது என்றாலோ அமுக்குவதற்கு ‘உதவி வேண்டும்’ என்று ஒரு சிவப்புப் பட்டன்.

கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே பேசுவதற்கு சிக்னல் நிற்காது. இந்தப் பட்டன் அனுப்பும் குட்டிச் செய்தி மட்டும் விட்டு விட்டு முயன்று எப்படியாவது கரைக்கு வந்துவிடும். யாரும் உதவி கேட்காதவரை, வீட்டில் இருப்பவர்கள் போனில் படகின் பெயருக்கு நேரே பச்சையில் ‘பத்திரம்’ என்று காட்டும்.

சனிக்கிழமை காலையில் போன படகு ஞாயிறு காலையில் திரும்ப வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன, அண்ணன் படகைக் காணோம். ஒன்பது மணிக்கு அண்ணன் மனைவி, என் மதினி, போனை நீட்டி, படகுகள் வந்து கட்டும் ஜெட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார். நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னேன்.

“பத்திரம்னுதானே காட்டுது. ஏதாச்சும்னா அண்ணன் பட்டன அமுக்கியிருக்கும். ஒண்ணும் இல்ல மதினி.”

மதினி அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அண்ணன் வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. விடிகாலையில் படகின் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியில் அறுந்த வலை ஒன்று சுற்றிக்கொள்ள, படகு காற்றோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார்கள். மதினிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஒரு பட்டனை அமுக்க விரல் வலித்ததா, ஊர் சிரிக்கும் என்ற வீம்பா என்று கேட்டு, சோறு போடும்போதும் விடவில்லை. அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

எனக்கோ பயத்தைவிட, என்னதான் நடந்தது என்று பார்க்கும் அரிப்பு. மதினி உள்ளே போனதும் அண்ணன் போனை எடுத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஞாயித்துக்கெழம நம்ம நாள் இல்லைல. பட்டனுக்கும் லீவு போலன்னு விட்டுட்டேன்த்தா.”

அவர் நினைத்ததில் தப்பே இல்லை. போகிற நாளுக்கு எழுதிய விதி, தாய்ப் பட்டன் வழியாக உதவிப் பட்டனுக்கும் போயிருந்தது. நான் சோதிக்காமலும் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணனைக் கடலிலிருந்து அமுக்கச் சொல்லிப் பார்த்தபோது கச்சிதமாக வேலை செய்தது. படகு கடலில் இருக்கும் நாள் என்றால் எனக்குத் திங்கள், புதன், சனிதான். போகிற நாள் ஒன்று, திரும்புகிற நாள் வேறு என்பது தெரியாதவளா நான்? வெளியூர்க்காரி யாராவது எழுதியிருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் அமுக்கிப் பார்த்திருப்பாள்.

உதவிப் பட்டனில் மட்டும் நாள் விதியை மறுத்து ஒரு வரி எழுதினேன். சிவப்பானது. அத்தோடு லேப்டாப்பை மூடியிருக்கலாம். இன்னும் என்னென்ன கூட வந்திருக்கிறது என்று தோண்டாமல் இருக்க முடியவில்லை. இருந்தது. ஆளாளுக்கு அமுக்கி ஐஸ் குவிந்துவிடக் கூடாது என்று, மூன்று தடவைக்கு மேல் அமுக்கினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும்படி தாய்ப் பட்டனில் எழுதியிருந்தேன். உயிர் பயத்தில் இருக்கிறவன் மூன்று தடவையோடு நிறுத்துவானா? எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். பட்டன் என்றால் அமுக்கினால் அமுங்குவது, அவ்வளவுதான். நாள் பார்ப்பது தனித் துண்டு. ‘நிச்சயமா?’ தனி. பூட்டிக்கொள்வது தனி. ஐஸ் பட்டனுக்கு மூன்றையும் கோத்தேன். உதவிப் பட்டனுக்கு ஒன்றையும் கொடுக்கவில்லை. வரிகள் கூடிவிட்டன என்று அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். ஆனால் எந்தப் பட்டனைத் திறந்தாலும், நான் கையால் எடுத்து வைத்தது என்னென்ன என்று பார்த்த உடனே தெரிந்தது. பழைய முறையே கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஐஸும் டீசலும் நிஜமாகவே அக்கா தங்கைகள். ஆபத்து அந்தக் குடும்பமே கிடையாது. பார்க்கப் பட்டன் மாதிரி இருந்ததால் நான்தான் சேர்த்துவிட்டேன்.

இதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. மதினி இன்னும் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தப்பு என்னுடையது என்று நான் சொன்ன பிறகும் அண்ணன் அதை அவரிடம் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன்மேல் குற்றமில்லை, நான் எழுதியது அப்படி, இப்போது சரிசெய்துவிட்டேன் என்றேன். மதினி மீன் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் சரிசெய்த பெருமையெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

“ஒனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல. நான் ஜெட்டில போயாச்சும் நின்னுருப்பேன்.”

மூன்று மணி நேரம் என் வார்த்தையை நம்பி அடுப்படியில் நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே ‘பத்திரம்’ என்ற வார்த்தையை அழித்தேன். கடலில் இருப்பவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல நான் யார்? அந்த இடத்தில் ‘தகவல் இல்லை’ என்று எழுதினேன். பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பயப்படட்டும் என்றேன்.

அடுத்த ஞாயிறு காலையில் மதினி போனைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்பினார். நானும் லேப்டாப்பை மூடிவிட்டுக் கூடவே போனேன்.