அரைக் கிளாஸ் வெள்ளம்

எங்கள் பெரியம்மை, அதாவது எங்களோடே இருந்த என் அம்மையின் அக்கா, யாருக்கும் கிளாஸ் நிறையாமல் தண்ணீர் கொடுத்து நான் பார்த்ததில்லை. மீன் விற்க வருகிறவர், மீட்டர் பார்க்க வருகிறவர், வழி கேட்க நின்றவர் என்று யாராக இருந்தாலும் சரி, விளிம்பு வரைக்கும் ஊற்றி, கொண்டு வருகிற வழியில் கொஞ்சம் சிந்தினால்தான் அவளுக்குத் திருப்தி. எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். "கொறச்சு வெள்ளம் குடிச்சிட்டுப் போங்க" என்று அவள் கூப்பிட்டால் கொஞ்சம் என்று பொருள்படும் அந்தக் 'கொறச்சு'வை மட்டும் நம்பிவிடக் கூடாது. பாதி குடித்துவிட்டு வைத்தால் கோபித்துக்கொள்வாள்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், பேச்சிப்பாறைக் கால்வாய்க் கரையில் இருந்த எங்கள் மிஷன் பள்ளிக்கு ஒரு பாட்டு டீச்சர் வந்தார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் அவருடையது. பள்ளியில் ஆர்மோனியம் கிடையாது, மத்தளம் கிடையாது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. கை தட்டச் சொன்னார், தேங்காய்ச் சிரட்டையைத் தட்டச் சொன்னார், பெஞ்சைக்கூடத் தட்டச் சொன்னார். மற்ற நாட்களில் பெஞ்சைத் தட்டினால் அடி விழும் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் ஒருவரும் லீவு எடுப்பதில்லை.

எனக்குக் குரல் கரகரப்பு. காலைப் பிரார்த்தனையில் நான் வாயைத் திறந்தால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதனால் வெறுமனே வாயை அசைக்கப் பழகியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் எட்டுக் கண்ணாடி கிளாஸ்களில் கூட்டியும் குறைத்தும் தண்ணீர் ஊற்றி, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். தண்ணீர் கூடினால் சத்தம் தாழ்ந்தது, குறைந்தால் உயர்ந்தது. ச, ரி, க, ம என்று வரிசையாக வந்ததில் ஒன்று மட்டும் சரியில்லை. "டீச்சர், அஞ்சாவதுல கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன். அவர் ஒரு மடக்கு வெளியே கொட்டிவிட்டுத் தட்டினார். சரியாகிவிட்டது. "இந்த 'ப' இனி உனக்குத்தான் மக்கா" என்றார். அன்று வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பள்ளியில் என்னிடம் ஒருவர் ஒன்றைக் கொடுத்து, இது உனக்குத்தான் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆண்டு விழாவுக்கு டீச்சர் ஒரு மழைப் பாட்டு கட்டினார். எட்டுப் பேர் கிளாஸ் தட்ட, மற்றவர்கள் பாட வேண்டும். பாட்டு என்னுடைய 'ப'வில்தான் தொடங்கும். இதற்குள் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, வகுப்புக்கே வந்து ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். "ஆண்டு விழாவப் பாத்துட்டுச் சொல்லுதேன். உருப்படியா ஒண்ணும் இல்லேன்னா அடுத்த வருசம் இந்த பீரியட்டக் கணக்குக்குக் குடுத்திருவேன்." எனக்குக் கணக்கும் வராது. வெள்ளிக்கிழமை போய்விட்டால் நான் பழையபடி வாயை அசைக்கிற பிள்ளைதான்.

வகுப்பில் தட்டிய கிளாஸ்கள் டீச்சர் இரவல் வாங்கியவை, திரும்பிப் போய்விட்டன. ஒத்திகைக்கு நாங்கள் கொண்டுபோன எவர்சில்வர் டம்ளர்கள் டொக் டொக் என்றன. மெல்லிய கண்ணாடி வேண்டும் என்று டீச்சர் சொன்னதால் ஆளுக்கொரு நல்ல கிளாஸ் வீட்டிலிருந்து கொண்டுவந்தோம். நல்ல கிளாஸ் என்றால் எங்கள் ஊரில் விருந்தாளி கிளாஸ். எங்கள் வீட்டில் அப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த தங்க விளிம்பு வைத்த கிளாஸ்கள் ஷோகேஸில் பூட்டியிருந்தன. அம்மை மனசில்லாமல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "பள்ளிக்கூடத்துக்கு எதுக்குட்டி விருந்தாளிக்க கிளாஸ்?" என்று பெரியம்மை கேட்டாள். விழா வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது டீச்சரின் உத்தரவு. "ஆண்டு விழாவுக்கு" என்று மட்டும் சொன்னேன். பெரியம்மை புரிந்த மாதிரித் தலையாட்டினாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

விழா அன்று மைதானத்தில் பந்தல் போட்டிருந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, எட்டுக் கிளாஸ்களையும் வைத்து, டீச்சரே காது வைத்துக் கேட்டுத் தண்ணீர் ஊற்றினார். எந்தக் கிளாஸில் எவ்வளவு என்று நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடும் போட்டார். பிறகு பிரார்த்தனைப் பாட்டுக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தப் போய்விட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது எட்டுக் கிளாஸ்களும் விளிம்பு வரை நிறைந்திருந்தன. தண்ணீர் மஞ்சளாக இருந்தது, லேசாக ஆவி வந்தது. நீலக் கோடு ஒன்றையும் காணவில்லை. பக்கத்தில், விழா பார்க்க வந்திருந்த எங்கள் பெரியம்மை மூக்கு வைத்த கெண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் துடைக்கிற துணியோடு நின்றாள்.

"பெரியம்மே, என்ன செஞ்சிய?"

"பின்ன என்னட்டி? விருந்தாளிக்க கிளாஸ்ல ஒண்ணுல கால், ஒண்ணுல அர! எந்த மூதேவி இப்பிடி ஊத்தி வச்சாளோ. பேனாக் கிறுக்கல் வேற. எல்லாத்தயும் கழுவி, சூடா சீரக வெள்ளம் ஊத்தியாச்சு. மேடையில இருக்கியவங்களுக்குக் கொண்டு குடுக்கணும், தள்ளு."

அவள் சொன்ன மூதேவி எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் பென்சிலை எடுத்து எட்டையும் தட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமே இல்லை. நான் சத்தமாக அழத் தொடங்கினேன். பெரியம்மைக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. "வெள்ளம்தானே மக்களே ஊத்துனேன்" என்று எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மைக்கில் எங்கள் வகுப்பைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டீச்சர் சட்டென்று சிரித்தார். "மேசையத் தூக்குங்க. மேடையில போய் நின்னு எல்லாரும் குடிங்க. ஒரு மடக்கு குடிக்கணும், ஒரு தட்டு தட்டணும். உனக்க சத்தம் வந்ததும் நிறுத்திரணும். பயப்படக் கூடாது."

அப்படியே செய்தோம். முதலில் பந்தலே சிரித்தது. பாட்டுப் பாட வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று சீரக வெள்ளம் குடித்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? பெரிய டீச்சர் முகம் இறுகி இருந்தது. டீச்சர் மேடை ஓரத்தில் நின்று மெல்லிய குரலில் 'ச' பிடித்துக்கொண்டே இருந்தார். முதல் பையனுக்கு இரண்டு மடக்கிலேயே அது வந்துவிட்டது. பிறகு 'ரி' வந்தது, 'க' வந்தது. சிரிப்பு மெதுவாக அடங்கியது. ஒவ்வொரு சத்தமும் தன் இடத்தில் போய் உட்காருவது சனங்களுக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது. கடைசிப் பிள்ளைதான் பாவம். மேல் 'ச'வுக்குக் கிட்டத்தட்ட முழுக் கிளாஸையும் குடித்து விக்கல் எடுத்தாள். அந்த விக்கலையும் மைக் விட்டுவைக்கவில்லை.

எனக்கு அழுது தொண்டை காய்ந்திருந்தது. தாகத்தில் ஒரு மடக்கு கூடுதலாக உள்ளே போய்விட்டது. தட்டினேன். 'ப'வைத் தாண்டி மேலே போயிருந்தது. ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு என்னிடமிருந்துதான் தொடங்க வேண்டும், குடித்ததைத் திருப்பி ஊற்றவும் முடியாது. வெள்ளிக்கிழமை அதோடு போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது பெரியம்மை கெண்டியோடு மேடை ஏறினாள். அவள் இசைக்காக ஏறினாள் என்று நான் நினைக்கவில்லை. கிளாஸ் குறைந்திருப்பதைக் கண்டால் அவள் கால் தானாக நடக்கும்.

"தட்டு மக்கா, நான் ஊத்துதேன்" என்றாள்.

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் நூல் மாதிரி மெல்லிதாக ஊற்றினாள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. இறங்கி, இறங்கி, சரியாக 'ப'வில் வந்து நின்றபோது கெண்டி மேலே எழுந்தது. ஒரு சொட்டுகூட அதிகம் விழவில்லை. டீச்சர் பின்னாலிருந்து போதும் என்று ஜாடை காட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் மூன்று தரம் தட்டினேன், பாட்டு தொடங்கியது. பாட்டு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் தெரியாது. அவ்வளவு சந்தோஷத்தில் ஒன்றும் காதில் விழவில்லை.

விழா முடிந்ததும் பெரிய டீச்சர் எங்களிடம் வந்தார். "அடுத்த வருசம் விருந்தாளிக்கு வெள்ளம் தனியா வைக்கணும், கேட்டியளா?" என்றார். அடுத்த வருஷம்! நாங்கள் எட்டுப் பேரும் துள்ளிக் குதித்தோம். வெள்ளிக்கிழமை எங்களுக்கே இருந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தங்க விளிம்பு கிளாஸ் ஷோகேஸுக்குத் திரும்பவில்லை, என்னுடையதாகிவிட்டது. ஆனால் பெரியம்மையிடம் ஒரு கெட்ட பழக்கம் வந்தது. எனக்கு அதில் தண்ணீர் தரும்போது மட்டும் பாதிக்கு ஒரு விரல் மேலே ஊற்றி நிறுத்திவிடுவாள். ஊரே புகழ்ந்த கை எனக்கென்று வரும்போது இப்படிச் சுருங்கியது எனக்குப் பெரிய வருத்தம். "பெரியம்மைக்கு வயசாக வயசாக பிசுக்கு வந்துட்டு" என்று அவள் கஞ்சத்தனத்தைப் பற்றி அம்மையிடம் புகார் சொன்னேன். கிளாஸை நீட்டி, இன்னும் ஊத்துங்க, ரொம்ப ஊத்துங்க என்று சண்டை போடுவேன். அவளும் நிறைத்துக் கொடுப்பாள்.

போன மாதம் வடசேரியில் ஒரு கல்யாண வீட்டில் டீச்சரைப் பார்த்தேன். பழைய கதையைப் பேசிச் சிரித்தோம். "நல்ல வேளை டீச்சர், நீங்க அன்னைக்குப் போதும்னு ஜாடை காட்டுனிய" என்றேன்.

"நான் எங்க காட்டினேன்? அந்த விக்கல் எடுத்த பிள்ளைக்க முதுகத் தடவிக்கிட்டுல்லா நின்னேன்" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பெரியம்மை வழக்கம்போல் அந்தக் கிளாஸைக் கொண்டுவந்தாள். மேசையில் வைக்கும்போது நகத்தால் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் தட்டி வைத்திருக்கிறாள், நான்தான் தண்ணீரின் அளவை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அது 'ப'. ஒரு மயிரிழை கூட விலகவில்லை.

எடுத்து முழுதும் குடித்தேன். "இன்னும் வேணுமா மக்கா?" என்று கேட்டாள்.

"வேணும் பெரியம்மே. அதே அளவு போதும்" என்றேன்.